ஒரு நாணய இடைவெளி

ஞாயிற்றுக்கிழமை துடைத்தால் சனிக்கிழமைக்குள் திரும்ப வந்துவிடும். காரின் டிக்கிக்குள், இடது பின்மூலையில், ரப்பரைத் தாண்டி ஒரு விரல் உள்ளே, மை இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. தொட்டால் விரலில் ஒட்டும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். ஆறு நாளில் அதே இடத்தில், அதே வளைவில், மறுபடி இருக்கும். மூன்று மாதமாக இப்படி.

கதவுக்காரருக்கு இது பிடிபடவில்லை. தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். இருபத்தாறு வருடமாக மரக்கதவு மட்டுமே செய்கிறவர். கட்டில், அலமாரி என்று யாராவது வந்தால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவார். ஒரு கதவு ஒழுங்காகத் தொங்குகிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு நாணயம் போதும். நிலைக்கும் கதவுக்கும் நடுவே மேல்மூலையில் அதை நுழைத்து, அப்படியே சுற்றிலும் இழுத்து வருவார். எங்கும் சிக்காமல், எங்கும் தொளதொளக்காமல் ஓடினால் கதவு சரி. அந்த இடைவெளி எதற்கு என்றால், மரம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து ஊதும். இடம் விடாமல் செய்த கதவு முதல் மழையிலேயே நிலையைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். "கதவுன்னா மூச்சு விட எடம் வேணும்" என்பது அவர் வாயில் தினமும் நாலு முறை வரும்.

டிக்கிக் கதவிலும் அவர் அப்படித்தான் இடம் விட்டிருந்தார். மூன்று மாதம் முன்பு நிலைக்கட்டைகள் நாலைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்காகவே முன்னால் தன் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டு வைத்திருந்தார். கட்டை டிக்கி வழியாக நுழைந்து, மடக்கிய பின்சீட்டின் மேல் படுத்து, முன்கண்ணாடி வரைக்கும் நீளும். திறந்த டிக்கிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒரு வேகத்தடையில் கட்டைகள் துள்ளி, கதவைக் கீழிருந்து குத்தியதில் இடது கீல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. மூடினால் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது.

மெக்கானிக்கிடம் போவதா, அதுவும் ஒரு கதவுக்கு? வீட்டிலேயே சரிசெய்தார். இரண்டு கீலின் போல்ட்டுகளையும் தளர்த்தி, பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி அடியில் வைத்தார். மரக்கதவில் கீல் உட்கார்ந்துபோனால் செய்கிற வேலைதான். டிக்கியின் பின்மூலைகளில் கதவு வந்து உட்கார்வதற்கு இரண்டு ரப்பர் முட்டிகள் இருக்கும். திருகினால் ஏறும், இறங்கும். இடது முட்டியை ஏற்றி, கதவின் மட்டத்தைப் பக்கத்துத் தகட்டோடு சமமாக்கினார். பூட்டுக்கொக்கி மாட்டும் வளையத்தையும் கொஞ்சம் உயர்த்தினார். நாணயம் சுற்றிலும் வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது.

அப்புறம் ஏன் இந்தக் கோடு? மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ரப்பர் தேயவில்லை. சத்தம் மட்டும் சரியில்லை. முன்பெல்லாம் மூடினால் 'டொப்' என்று மூடும். இப்போது 'டக்' என்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரக் கொட்டகைக்கு மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவுக்காரர் டிக்கிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாணயத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி டீ டம்ளரோடு வந்து நின்றாள்.

"விடிஞ்சதுலேருந்து அதையே நோண்டிக்கிட்டு இருக்கீங்க. நாளைக்கு எனக்குப் பதிலா இதைத்தான் ஸ்கேன்ல படுக்க வைக்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "கோடு வருதும்மா. எங்கேருந்து வருதுன்னு தெரியல."

"வந்துட்டுப் போகட்டும். டீ ஆறுது."

"ஒரு பொருள் காரணம் இல்லாம வராது."

"என் தலைவலிக்குக் காரணம் சொல்லுங்க பாப்போம்."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு மழையைப் பார்த்தார். அந்த வீட்டில் ஒரு மாதமாக எல்லாப் பேச்சும் சுற்றிவிட்டு அங்கேயேதான் வந்து நிற்கும்.

அவள் மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவள். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். தினமும் காலையில் அவர் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் கூட்டி வருவார். முன்சீட்டு இல்லாததால் அவள் பின்னால், அவர் முதுகுக்குப் பின்னே உட்கார்ந்துகொள்வாள். மூன்று மாதம் முன்பு தலைவலி ஆரம்பித்தது. வேலைக்குப் போய் இறங்கும்போது நெற்றியை இறுக்கிக் கட்டியதுபோல இருக்கும். மத்தியானத்துக்குள் குறையும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி. குளிரில் வேலை செய்கிறாயே, அதுதான் என்றார்கள் எல்லோரும். அப்புறம் குமட்டல் சேர்ந்தது. போன வாரம் கிடங்கு வாசலில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் வேறு வீட்டில் வெறும் தலைவலியாக இருந்திருக்கும். இந்த வீட்டில் இல்லை. அவளுடைய அக்காவுக்கு ஆறு வருடம் முன்பு இப்படித்தான் தொடங்கியது. காலையில் தலைவலி. அப்புறம் குமட்டல். அப்புறம் வார்த்தைகள் இடம் மாறின. கரண்டியைச் சாவி என்பாள். தங்கையை அம்மா என்பாள். மண்டைக்குள் கட்டி என்று கண்டுபிடித்த நாளிலிருந்து ஐந்தே மாதம்.

வியாழக்கிழமை காலையில் வீட்டைப் பூட்டும்போது மனைவி அவரிடம் கை நீட்டி, "அந்தக் கரண்டியக் குடுங்க" என்றாள். அவர் கையில் இருந்தது சாவி. உடனே, "சாவி, சாவி" என்று சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அன்று முழுவதும் இழைத்த பலகையையே மறுபடி மறுபடி இழைத்துக்கொண்டிருந்தார். தான் கவனித்ததை அவளிடம் சொல்லவில்லை. தான் சொன்னதை அவர் கவனித்தார் என்பது அவளுக்கும் தெரியும். அவளும் சொல்லவில்லை.

"பொண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னீங்களா?" என்றாள் இப்போது.

"பரீட்சை முடியட்டும்."

"அதுவும் சரிதான்." டம்ளரைத் திரும்ப வாங்கினாள். "மேல் அலமாரில பச்சைப் பையில அவ சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. உங்களுக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது, அதான் சொல்றேன்."

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாத."

அவள் முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு கொட்டகையின் ஓரத்தில் நின்றாள். தகரத்திலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கியது.

"சரி, வாங்க. உங்க கோட்டை நானும் பாக்கறேன். வீட்டுக்குள்ள தனியா உக்காந்தா என்னென்னமோ தோணுது."

அவருக்கும் அது நல்லதாகப் பட்டது. ஒரு வழி தோன்றியது. வெளியில் இருந்து விளக்கைக் கதவு ஓரமாகப் பிடித்து நகர்த்த வேண்டும். உள்ளே ஒருவர் இருட்டில் இருந்து பார்க்க வேண்டும். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே இடைவெளி. மரக்கதவிலும் பார்க்கிற சோதனைதான்.

மனைவி பின்சீட்டில் ஏறினாள். சீட்டின் முதுகை மடக்கிவிட்டால் டிக்கியும் காரின் உள்பக்கமும் ஒரே அறை. அவள் முழங்காலை மடித்து டிக்கியை நோக்கிப் படுத்துக்கொண்டாள். மழைச்சாரல் அடிக்கிறது என்று அவர் கார்க் கதவுகளைச் சாத்தினார். கண்ணாடிகளின் மேல் சாக்குகளைப் போர்த்தி இருட்டாக்கினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி சோர்ந்திருந்ததால் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் ஓடவிடுவார். இன்றைக்குக் கட்டாயம் விட வேண்டும். நாளைக்கு இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கார் நடுவழியில் நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

கொட்டகைக்குப் பின்புறம் மட்டும் சுவர். காரைப் பின்னாலேயே ஓட்டி வந்து சுவரை ஒட்டி நிறுத்துவது அவர் வழக்கம். சைலன்சரின் வாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம்.

"தெரியுதா?" வலது மூலையில் விளக்கை வைத்தார்.

"தெரியல." தகட்டுக்கு உள்ளே அவள் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல வந்தது.

"இப்ப?"

"இல்ல. கும்மிருட்டு. உள்ள உங்க வார்னிஷ் டப்பாதான் மணக்குது."

"மணக்குதா, நாறுதா?"

"இருபது வருஷமா மீன் வாடையிலயே கெடக்கேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

விளக்கை மெல்ல நகர்த்தினார். நடுப்பகுதி, பூட்டு, அதைத் தாண்டி இடது பக்கம்.

"ஆங். தெரியுது. ஒரு கோடு மாதிரி."

"எவ்வளவு நீளம்?"

"ஒரு சாண் இருக்கும். அந்த மூலையிலதான். நீங்க வாரா வாரம் தொடைக்கிற எடம்."

அவருக்கு ஆச்சரியம். வெளியே நாணயம் இங்கேயும் அங்கேயும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. சுண்ணாம்புக் கட்டியால் அந்த ஒரு சாணை வெளியே குறித்தார். "அப்படியே இரும்மா. ஸ்பேனர் எடுத்துட்டு வந்துடறேன்" என்று வீட்டுக்குள் ஓடினார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்த இடத்தில் இல்லை. பையைக் கொட்டினார். அலமாரியில் தேடினார். தேடும்போது பச்சைப் பை கண்ணில் பட்டது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். ஸ்பேனர் கடைசியில் அடுப்பங்கரை ஜன்னலில் இருந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்து விளக்கைக் குறியிட்ட இடத்தில் பிடித்தார்.

"இப்பவும் தெரியுதா?"

பதில் இல்லை.

"ஏம்மா, தெரியுதா?"

"தெரியுதுக்கா."

அவர் கை நின்றது. 

"யாரு? என்ன சொன்ன?"

"வெளிச்சமா இருக்குக்கா." குரல் நிதானமாக, சந்தோஷமாகக்கூட இருந்தது. "சாவியப் போட்டுக் கிண்டு. சோறு அடி பிடிக்குது."

விளக்கு கீழே விழுந்து உடைந்தது. சாக்கை இழுத்தெறிந்து கதவைத் திறந்தார். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. கண் திறந்திருந்தது, அவரைத்தான் பார்த்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. கைகளைப் பிடித்துத் தூக்கினார். எலும்பே இல்லாததுபோல வழுக்கினாள். இடுப்பில் கை கொடுத்து மழையோடு மழையாக இழுத்துக்கொண்டு போய் வாசல்படியில் கிடத்தினார். "ஏம்மா, இங்க பாரு. நான்தான். நான்தான்ம்மா" என்று கத்தினாரே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. நாளைக்கு ஸ்கேனில் தெரிய வேண்டியது இன்றைக்கே வந்துவிட்டது என்று நினைத்தார். ஐந்து மாதம்கூட இல்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு வேன்காரர் தலையில் துண்டோடு ஓடி வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். கதவுக்காரர் மனைவியைத் தங்கச்சி என்பார். அதனால் கதவுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

"என்ன மாப்ள, என்னாச்சு தங்கச்சிக்கு?"

"பேச்சு மாறிடுச்சு மச்சான். அவ அக்கா மாதிரியே பேசறா. வந்துடுச்சு மச்சான், வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு? மூச்சு இருக்குல்ல? தூக்கு, என் வண்டில போவோம். முதல்ல உன் வண்டிய நிறுத்து, அது வேற ஓடிக்கிட்டே இருக்கு."

கதவுக்காரர் நகரவில்லை. வேன்காரரே போனார். என்ஜினை நிறுத்தக் காருக்குள் தலையை விட்டவர் விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தார்.

"அடப்பாவி, உள்ள என்னய்யா இது! சைலன்சர் வாய்லயே மூஞ்சியை வெச்ச மாதிரி இருக்கு. இதுக்குள்ளயா தங்கச்சி இருந்துச்சு?"

"டிக்கி பாக்க..."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி இருக்கும்."

வேன்காரர் என்ஜினை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "புகைய்யா. இது புகை. தூக்கு, தூக்கு!"

வேனின் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுப் போனார்கள். சாரல் உள்ளே அடித்து மூன்று பேரும் நனைந்தார்கள். பாதி வழியில் அவள் வாந்தி எடுத்தாள். அப்புறம் கணவன் மடியில் தலையைத் திருப்பி, "ஏன் நனையறோம்?" என்றாள்.

வட்டாரத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். நடந்ததைக் கேட்டதும் முதலில் மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டினார். கையில் ரத்தம் எடுத்தார். கதவுக்காரர் அக்காவின் கதையை முதலிலிருந்து சொன்னார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது தலைக்குள்ள இருந்து வந்ததா, வெளிய இருந்து வந்ததான்னு ரத்தம் சொல்லிடும். ஒரு மணி நேரம் இருங்க."

அந்த ஒரு மணி நேரம் அவர் வராந்தாவில் நின்றார். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த நாணயத்தை உருட்டியது. வேன்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், புகை பின்னாடிதானே போகுது? வண்டி முன்னாடி போகுது. அது எப்படி உள்ள வரும்?"

"நாங்க பின்கதவு சரியா மூடாம வேனை எடுக்கவே கூடாது. அதுக்குத் தனியாச் சொல்லிக் குடுப்பாங்க, புள்ளைங்க இருக்கில்ல? பஸ்ஸு வேகமாப் போறப்ப ரோட்டுக் குப்பையெல்லாம் பறந்து அது பின்னாடியே தொரத்திக்கிட்டு ஓடும், பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"வண்டி போன எடத்துல காத்து இருக்காது. அந்தப் பள்ளத்தை ரொப்பச் சுத்துமுத்தும் உள்ள காத்து ஓடி வரும். உன் சைலன்சர் புகையும் பின்னால போயிடறதில்ல. டிக்கியை ஒட்டியே சுத்திக்கிட்டு உன்கூடவே வருது. ஒரு சந்து கெடைச்சாப் போதும். நீ ஜன்னலை எப்படி வெச்சுக்குவ?"

"என் பக்கம் மட்டும் மூணு விரல் எறக்கி விட்டிருப்பேன். மரத்தூள் நெஞ்சு, காத்து வேணும்."

"அதான். உன் ஜன்னல் முன்னாடி காத்தை வெளிய உறிஞ்சுது. அதுக்கு ஈடா டிக்கி வழியாப் புகை உள்ள வருது. நடுவுல தங்கச்சி உக்காந்திருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் மூக்குன்னு ஒண்ணு இருந்தா நாத்தமாவது தெரிஞ்சிருக்கும். உனக்கு வார்னிஷ் மூக்கு, அதுக்கு மீன் மூக்கு. ஜோடிப் பொருத்தம்!"

கதவுக்காரர் நாட்களை எண்ணத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை வலித்ததே இல்லை. போன மாதம் கிடங்கில் மெஷின் பழுதென்று நாலு நாள் லீவு விட்டார்கள். அந்த நாலு நாளும் வலிக்கவில்லை. காலையில் இறங்கும்போது வலி. மத்தியானம் குறைவு. சாயங்காலம் இறங்கும்போது வலி. வியாழக்கிழமை, எங்கேயோ மறந்து வைத்த வீட்டுச் சாவியை அவர் தேடிக்கொண்டிருக்க, என்ஜின் ஓடிய காருக்குள் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு வந்துதான் அவள் கரண்டி என்றாள்.

மனம் நம்பத் தொடங்கியது. நம்பத் தொடங்கியதும் இன்னொரு பயம் வந்தது. அது முதல் பயத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. கட்டி என்றால் அது யாருடைய தப்பும் இல்லை. இது அப்படியில்லை. அட்டையை வெட்டியது அவர் கை. முட்டியை ஏற்றியது அவர் கை. மூன்று மாதமாக, காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம், ஒரு நாணயம் இடம் விட்டு அவர்தான் அவளுக்கு அதைக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க இருந்தார். மழை என்று ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு.

டாக்டர் காகிதத்தோடு வந்தார். "ரத்தத்துல நெறைய இருக்கு. நம்ம ரத்தம் ஆக்ஸிஜனைத் தூக்கிட்டுப் போகணும். இந்தப் புகையில இருக்கிற வாயு கெடைச்சா ஆக்ஸிஜனை எறக்கி விட்டுட்டு இதை இறுக்கிப் புடிச்சுக்கும். தலைக்குப் போற ரத்தம் வெறுங்கையோட போகும். தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் எல்லாம் அதுதான். ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் போகட்டும். இதோட தழும்பு ஏதாவது இருக்கான்னு பாக்கணும், அதனால ஸ்கேன் கட்டாயம் எடுத்துருங்க. அந்தக் கார்ல மட்டும் போகாதீங்க."

ஸ்கேனுக்கு மறுநாள் ஆம்புலன்ஸிலேயே கூட்டிப்போனார்கள். அவள் அந்த வெள்ளைக் குழாய்க்குள் போய் வரும்வரை அவர் சுவரில் நெற்றியை வைத்து நின்றார். படத்தில் கட்டியும் இல்லை, தழும்பும் இல்லை. பத்து நாள் ஓய்வு என்றார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு முறை வந்து காட்டச் சொன்னார்கள்.

கார் கொட்டகையிலேயே நின்றது. அவர் அதன் பக்கம் போகவில்லை. வேலைக்கு வாடகை வண்டியில் போனார். ஒன்பதாம் நாள் காலையில் மனைவி ஒரு பழைய செய்தித்தாளையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். பின்னாலேயே அவரும் வந்தார்.

"இதை வித்துடலாம்மா."

"யாருக்கு?"

"யாருக்காவது."

"வாங்கறவன் பொண்டாட்டி எங்க உக்காருவா?"

அவள் தாளை இரண்டு விரல் அகலத்தில் நீள நீளமாக வெட்டினாள்.

"என் கை இதைத் தொட வேணாம். மெக்கானிக்கு செய்யட்டும்."

"மெக்கானிக்கும் வந்து பாக்கட்டும். சைலன்சர் எங்கயாவது ஓட்டையான்னு அவர்தான் சொல்லணும். ஆனா அந்த அட்டையை வெச்சது நீங்க. எங்க வெச்சீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான் எடுக்கணும்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மூணு மாசமா மண்டைக்குள்ள கட்டின்னு நெனைச்சுக்கிட்டு உங்க முதுகைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அது வெறும் அட்டைன்னு தெரிஞ்சப்ப எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நீங்க என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறீங்க."

"நான் எல்லாம் சரியாத்தான்மா செஞ்சேன். நாணயம் ஓடுச்சு."

"ஓடும். நீங்க கதவு செஞ்சீங்க. இது கதவு இல்லீங்க. மூடி."

"மூடியா?"

"எங்க குளிர்ரூம்ல இருக்கிறதும் பேருக்குத்தான் கதவு. மூச்சு விட எடம் குடுத்தா உள்ள இருக்கிற மீனெல்லாம் போச்சு. அது ரப்பரை அழுத்திக்கிட்டு நிக்கணும். வெளிய இடைவெளி சமமா இருக்கா, கோணலா இருக்கான்னு எவனும் பாக்க மாட்டான். டெய்லி காலைல நாங்க பாக்கறது இது ஒண்ணுதான்."

டிக்கியைத் திறந்து, ஒரு தாள்துண்டைப் பாதி உள்ளே, பாதி வெளியே வருமாறு ரப்பரின் மேல் போட்டு மூடினாள். வலது பக்கம். பிடித்து இழுத்தாள். இறுக்கமாக, முனகிக்கொண்டு வந்தது. "இங்க அழுத்துது." இடது மூலைக்கு வந்தாள். மூடினாள். இரண்டு விரலால் இழுத்தாள். கோப்பிலிருந்து காகிதத்தை எடுப்பதுபோல அலுங்காமல் வந்தது.

கதவுக்காரர் அதைப் பார்த்தார். தாளைத் தானே வாங்கி, தானே வைத்து மூடி, தானே இழுத்தார். கறுப்புக் கோடு என்னவென்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. புகை உள்ளே போகிறபோது வாசலில் காலைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறது. மூன்று மாதமாக அது வந்துபோன வழியைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஸ்பேனரை எடுத்து வந்தார். இரண்டு கீலிலும் போல்ட்டுகளைத் தளர்த்தி அட்டைகளை உருவினார். மூடி ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. முறுக்கிய இடது கீலில் மரத்துண்டு ஒன்றை ஆப்பாக வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, திறந்து பார்த்து, மறுபடி அழுத்தி நிமிர்த்தினார். இரும்பை ஒரேயடியாக வளைக்கக் கூடாது. போதும் என்று அதுவே சொல்லும், கேட்கத் தெரிந்தால். இடது முட்டியை ஒரு சுற்று இறக்கினார். தாள் வந்துவிட்டது. இரண்டாம் சுற்று. வந்தது, ஆனால் தயங்கி வந்தது. மூன்று. அவள் இழுத்தபடி, "இன்னும் ஒண்ணு" என்றாள். நான்காவது சுற்றுக்குப் பிறகு வளையத்தின் திருகுகளைத் தளர்த்தி அதை ஒரு தீக்குச்சி கனம் தாழ்த்தி முறுக்கினார்.

மூடியைக் கையால் தள்ளினார். 'டொப்' என்றது.

பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. நாணயம் வலது பக்கம் ஓடியது, இடது பக்கம் சிக்கிக்கொண்டது. மட்டமும் போய்விட்டது, இடது மூலை பக்கத்துத் தகட்டைவிட ஒரு பொட்டு தாழ்ந்து உட்கார்ந்திருந்தது.

"கோணலா இருக்கும்மா. நான் செஞ்சதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் செஞ்சதுன்னு சொல்லிக்கறேன். பேசாம இழுங்க."

சுற்றிலும் பதினாறு இடத்தில் தாளை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். மறுநாள் மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்து, சைலன்சரில் ஓட்டை இல்லை என்றார். அந்த வாரம் முழுவதும் எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு வேன்காரரே காரை ஓட்டினார். பின்சீட்டில் கதவுக்காரர் உட்கார்ந்து போனார், வேறு யாரையும் உட்கார விடவில்லை. சனிக்கிழமை டிக்கியைத் திறந்து மூலையில் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தார்கள். துணி வெள்ளையாகவே வந்தது.

கீலுக்கு அடியில் அட்டை இருக்கக் கூடாது. முட்டி நாலு சுற்று கீழே இருக்க வேண்டும். வளையம் ஒரு தீக்குச்சி கனம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போது மூடி ரப்பரை அழுத்துகிறது. கடைசியாக ஒரு முறை இடது மூலையில் தாளை வைத்து இழுத்தார்; கிழிந்தது, உருவி வரவில்லை.